மதுரை வெயிலுக்கு எந்த ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்? பழைய வண்டி வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கலாம் என்று மதுரையிலிருந்து தேடத் தொடங்குபவர் கடைசியில் ஐந்தாறு வண்டிகளுக்குள்தான் வந்து நிற்பார்: போர்ஷே 911, ஆடி ஆர்8, நிசான் ஜிடி-ஆர், ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, ஜாகுவார் எஃப்-டைப், பி.எம்.டபிள்யூ எம் வரிசை. இவற்றின் எஞ்சின் கோளாறுகளைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஓடிய வண்டிகளின் வரலாறு. அங்கே எஞ்சினுக்குப் பகை குளிர். இங்கே வெயில், கோரிப்பாளையம் நெரிசல், புழுதி, உப்புத் தண்ணீர், இவற்றோடு சர்வீஸ் சென்டருக்கான தூரம். அதனால் அங்கே பெயர் கெட்ட சில எஞ்சின்கள் இங்கே ஒழுங்காக ஓடும். அங்கே சின்னக் கோளாறு என்று ஒதுக்கப்படும் ஒரு பிளாஸ்டிக் குழாய், இங்கே சித்திரை மாதத்தில் எஞ்சினையே முடித்துவிடும். குதிரைத்திறனையும் பெயரையும் ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்விகளால் இவற்றை அளக்க வேண்டும்: கூலிங் எப்படி, கோளாறு வந்தால் எஞ்சினை இறக்காமல் சரிசெய்ய முடியுமா, பழுது பார்ப்பவர் எங்கே இருக்கிறார்.

போர்ஷே 911: 2009 என்ற கோடு

911 வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது மாடல் வருடம். 2008 வரை வந்த சாதாரண கரேரா எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் கேம் செயின்களை ஓட்டுவதற்கு இடையில் ஒரு ஷாஃப்ட் உண்டு. அதன் ஒரு முனையில் இருப்பது கிரீஸ் அடைத்து மூடிய பேரிங். சூடான ஆயில் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து கிரீஸைக் கரைத்துவிட்டால் பேரிங் உடையும், டைமிங் (வால்வு திறந்து மூடும் நேரக் கணக்கு) நழுவும், வால்வு போய் பிஸ்டனில் மோதும். அதோடு எஞ்சின் முடிந்தது. 2005 வரையிலான எஞ்சின்களில் கிளட்ச்சைக் கழற்றும்போதே இந்த பேரிங்கை மாற்றிவிடலாம். 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங் வைத்தார்கள். அது உடைவது அரிது, ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் அந்த ஷாஃப்ட்டே கிடையாது. அதே காலத்து டர்போவும் ஜிடி3-யும் வேறு எஞ்சின் என்பதால் இந்தக் கவலை அவற்றுக்கு இல்லை.

பழைய எஞ்சின்களின் இரண்டாவது நோய் சிலிண்டர் சுவரில் கோடு விழுவது. 997-இன் (2005 முதல் 2012 வரை வந்த 911 வடிவம்) முதல் பாதியில், குறிப்பாக 3.8 லிட்டர் எஞ்சினில், இது அதிகம். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் படலம் உருவாகுமுன் பிஸ்டன் சுவரை உரசுவதே பெரிய காரணம். மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்கு அருகில் நிற்கும் மதுரையில் அந்த ஆபத்து குறைகிறது. ஆனால் டெல்லியிலோ சண்டிகரிலோ பத்துக் குளிர்காலம் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டிக்கு இந்த ஆறுதல் இல்லை. எனவே ஆர்.சி.யில் முதல் பதிவு எந்த ஊர் என்று பாருங்கள். ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் கரியாக இருப்பது, சூடான பிறகு ஒரே தாளத்தில் வரும் டிக்-டிக் சத்தம், ஆயில் சீக்கிரம் குறைவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் பேரம் பேசக் கூடாது. ப்ளக் துளை வழியாகப் பார்த்தால் சிலிண்டரின் மேல்பகுதிதான் தெரியும். கோடு பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் விழும், ஆகவே ஆயில் சம்ப் தட்டைக் கழற்றிக் கீழிருந்து பார்ப்பதே சரியான சோதனை.

நல்ல தேர்வு 991, அதாவது 2012-க்குப் பிந்தைய வடிவம். டர்போ இல்லாத 3.4, 3.8 லிட்டர் எஞ்சின்கள் உறுதியானவை. அவற்றின் பிரச்சினைகள் வெளியே தொங்கும் உதிரிகளில்தான். இக்னிஷன் காயில்கள் சைலன்சர் குழாய்க்கு அருகே வெந்து விரிசல் விடும், ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) தடுமாற்றம் தெரியும். ஆறையும் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லது. வாட்டர் பம்ப் கசியும். பம்ப்பின் கீழே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உறைந்த தடம் இருந்தால், கூலன்ட் வேக்குவம் குழாய்களுக்குள்ளும் போயிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ததும் திரண்ட வெள்ளைப் புகை வந்து நிற்கவே இல்லை என்றால், ஆயில் ஆவியைப் பிரிக்கும் செப்பரேட்டர் கிழிந்திருக்கலாம்.

மதுரைக்கென்று இந்த வண்டியில் சொல்ல வேண்டியது ரேடியேட்டர். 911-க்கு எஞ்சின் பின்னால், ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளில். பம்பர் துளை வழியாக வேப்பஞ்சருகும் புளிய இலையும் உள்ளே போய், ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே படிந்துவிடும். மழையில் அது ஊறி அலுமினியத்தை அரிக்கும், வெயிலில் காற்றை அடைக்கும். வருடத்துக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றி, கண்டென்சரை விலக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் சருகு இன்னும் உள்ளே இறுகும். ஏ.சி.யைப் போட்டுவிட்டு இரண்டு மூலை ஃபேன்களும் ஓடுகின்றனவா என்று கையை வைத்துப் பாருங்கள். 996 (997-க்கு முந்தைய வடிவம்), 997 வண்டிகளில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோய், சூடு எல்லை மீறிய பிறகே ஃபேன் முழு வேகத்தில் கிளம்பும் வழக்கம் உண்டு.

கூலன்ட் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுவதால் 20 லிட்டருக்கும் மேல் பிடிக்கும். வேக்குவம் கருவி வைத்துத்தான் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்குக்கூட போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பாகப் படிந்துவிட்டால் அதை எடுக்க வழியில்லை. டிக்கியில் இரண்டு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் எப்போதும் இருக்கட்டும்.

ஆடி ஆர்8

டர்போ இல்லாமல், ட்ரை சம்ப் ஆயில் முறையோடு (ஆயில் எஞ்சினுக்கு அடியில் தேங்காமல் தனி டாங்கில் இருக்கும்) வருகிற இந்த எஞ்சின்கள் வெயிலுக்கு அஞ்சாதவை. 4.2 லிட்டர் வி8-இன் குறை வேறு: பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வுகளைக் கழுவ எதுவும் இல்லை. ஆயில் ஆவி படிந்து கரியாகி, குதிரைத்திறன் சத்தமில்லாமல் குறையும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சிச் சுத்தம் செய்வதுதான் வழி. பெட்ரோல் டாங்கில் ஊற்றும் கிளீனர் அந்த வால்வைத் தொடவே தொடாது. முதல் தலைமுறை 5.2 லிட்டர் வி10-க்கும் இதே நோய் உண்டு. 2015-இல் வந்த இரண்டாம் தலைமுறை வி10-இல் இன்டேக்கிலும் கூடுதலாக இன்ஜெக்டர் வைத்து இதைப் பெரும்பாலும் தீர்த்தார்கள். வாங்குவதானால் அதையே வாங்குங்கள்.

டைமிங் செயின்கள் கியர்பாக்ஸ் பக்கமாக இருப்பதால், செயின் வேலை வந்தால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். அது அடிக்கடி வருவதில்லை. ஆனால் ஸ்டார்ட் செய்தவுடன் இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் செயின் கடகடத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஆர் ட்ரானிக் என்ற பழைய ஒற்றைக் கிளட்ச் கியர்பாக்ஸ் கொண்ட வண்டியையும் ஊருக்குள் ஓட்ட வாங்காதீர்கள். சிம்மக்கல்லில் ஊர்ந்து ஊர்ந்து போனாலே கிளட்ச் தேய்ந்துவிடும். 2013 முதல் வந்த இரட்டைக் கிளட்ச் எஸ் ட்ரானிக் எவ்வளவோ மேல். ஆயில் அளவை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்து, குறைவு என்று நினைத்து ஊற்றிக்கொண்டே போய் அளவுக்கு மீறி நிரப்பியிருக்கும் வண்டிகள் பல.

நிசான் ஜிடி-ஆர்

எஞ்சினை மட்டும் தனியே எடுத்து வைத்தால் இந்தப் பட்டியலிலேயே பலமானது இதுதான். 3.8 லிட்டர் வி6, இரண்டு டர்போ, ஒவ்வொன்றும் யோகோஹாமாவில் தேர்ந்த கைவினைஞர் ஒருவரால் கையால் கோக்கப்பட்டது. அழுத்த விகிதம் 9:1 என்று குறைவாகவே வைத்திருப்பதால் நம் பெட்ரோலில் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிப்பது) ஆபத்தும் குறைவு. இன்டேக்கில் இன்ஜெக்டர் என்பதால் வால்வுக் கரியும் இல்லை.

ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் ஜிடி-ஆர் கிடைப்பதுதான் கஷ்டம். மென்பொருளை மாற்றி டார்க்கை ஏற்றியிருந்தால் முதலில் வளைவது கனெக்டிங் ராட். அதன் பிறகு சிலிண்டர் சுவரில் போகும் கோடு. அந்தச் சுவர் பிளாஸ்மா முறையில் பூசிய மெல்லிய இரும்புப் படலம், லேத்தில் கொடுத்துப் போர் போட முடியாது. கியர்பாக்ஸ் பின் அச்சோடு சேர்ந்தது. கியர் ஆயிலைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு வால்வு சிக்குவதும், நெரிசலில் கியர் ஆயில் கொதித்து வண்டி வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வதும் தெரிந்த கதை. நிசான் 2016 டிசம்பரில் சுமார் 2 கோடி ரூபாய் விலையில் இந்தியாவுக்குக் கொண்டு வந்தபோது, இதற்கான சிறப்புச் சேவை மையம் நொய்டாவில் அமைந்தது. மதுரையிலிருந்து பார்த்தால் அந்தத் தூரமே ஒரு கோளாறு. 2025 ஆகஸ்டில் உற்பத்தியும் நின்றுவிட்டது.

ஃபோர்டு மஸ்டாங் ஜிடி

இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. 2016-இல் 65 லட்சம் ரூபாய்க்கு இங்கே வந்த இந்த 5.0 லிட்டர் வி8, மதுரைக்கு மிகப் பொருத்தமான எஞ்சின் என்பது எங்கள் உறுதியான கருத்து. டர்போ இல்லை. நேரடி இன்ஜெக்ஷன் இல்லை, ஆக வால்வுக் கரி இல்லை. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் அதன் பின்னால், நடுவே கை போகிற அளவு இடம். கியர்பாக்ஸ், ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக், ஊர்ந்து போவதற்குப் பயப்படத் தேவையில்லை. 7.6 லிட்டர் ஆயில் பிடிப்பதால் சூடு பரவ இடமும் இருக்கிறது.

இங்கே வந்த இந்தத் தலைமுறை எஞ்சினின் சிலிண்டர்களில் இருப்பது இரும்பு ஸ்லீவ். மற்ற வண்டிகளிலிருந்து இது பிரிகிற பெரிய இடம் இதுதான். 911-லும் ஆர்8-லும் இருப்பது சிலிக்கான் கலந்த அலுமினியச் சுவர். அதைச் சாதாரண ஹோனிங் கல் வைத்துத் தேய்த்தால் கெட்டுவிடும், சிலிக்கான் துகள்களை மட்டும் மேலே நிறுத்தும் தனி முறை வேண்டும். மஸ்டாங் எஞ்சினை, அளவெடுக்கத் தெரிந்த நல்ல ரீபோர் கடைக்காரர் கையில் நம்பிக் கொடுக்கலாம். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொழில் தொடங்கியதிலிருந்து லேத்தும் பஸ் பட்டறையும் பெருகிய ஊர் இது, அப்படிப்பட்ட கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

குறை உதிரிப் பாகம். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடர்ந்தாலும் மஸ்டாங் பாகம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மேல்-கீழ் ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட், எட்டு ப்ளக், நான்கைந்து ஆயில் ஃபில்டர் ஆகியவற்றை வண்டி வாங்கிய மாதமே வரவழைத்து வீட்டில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். பெயின்ட் அடிக்காத கிராமத்து வேகத்தடைகளில் அடிவயிறு தட்டும், ஆகவே வாங்குமுன் லிஃப்டில் ஏற்றி ஆயில் சம்ப்பைப் பார்க்க வேண்டும்.

ஜாகுவார் எஃப்-டைப்

3.0 வி6, 5.0 வி8 இரண்டும் ஒரே குடும்பம். வி6 என்பது வி8 பிளாக்கிலேயே இரண்டு சிலிண்டர்களை விட்டுவிட்டுச் செய்ததுதான். எஞ்சின் உள்ளே பலமாக இருந்தாலும் மேலே ஓடும் கூலன்ட் குழாய்கள் பிளாஸ்டிக். சூட்டில் காய்ந்து ஒட்டு விடும் இடத்தில் பிளக்கும். பின்பக்கக் குழாய் சூப்பர்சார்ஜருக்கு அடியில் இருக்கிறது, அதைக் கழற்றினால்தான் கை எட்டும். கசிவு முதலில் கண்ணுக்குத் தெரியாது, லேசான இனிப்பு வாடையும் கூலன்ட் டாங்கில் மெதுவாக இறங்கும் அளவும்தான் அறிகுறி. நாற்பது டிகிரி வெயிலில் நான்குவழிச் சாலையில் அது முழுதாகப் பிளந்தால், ஊசி மேலே ஏறுவதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டுவதற்குள் ஹெட் வளைந்துவிடலாம். முன்பக்கமும் பின்பக்கமும் குழாய்களை உலோகத்தில் மாற்றியதற்கான பில் இருந்தால் யோசிக்கலாம். பில் இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

பி.எம்.டபிள்யூ

எம் என்ற எழுத்துக்குள் மூன்று வெவ்வேறு எஞ்சின்கள் ஒளிந்திருக்கின்றன. 2013 வரையிலான எம்3-யின் 4.0 வி8, 8,000-க்கு மேல் சுற்றும் அற்புதமான எஞ்சின். அதன் கனெக்டிங் ராட் பேரிங் தேயும், சத்தம் கேட்டபோது கிராங்க்கும் போயிருக்கும். 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில் குளிரில் ஊர்ந்து போவதும் ஒரு காரணம் என்பார்கள், அந்த வகையில் நம் ஊர் அதற்குச் சாதகம். ஆனாலும் சம்ப்பை இறக்கிப் பேரிங் மாற்றிய ஆதாரம் இல்லாமல் வாங்கக் கூடாது. அதற்கு அடுத்த தலைமுறை எம்3, எம்4, எம்2 காம்பெட்டிஷன் ஆகியவற்றின் இரட்டை டர்போ ஆறு சிலிண்டரில் கிராங்க் முனையில் இருக்கும் ஹப், அதைப் பூட்டிப் பிடிக்கும் சாவித் துண்டு இல்லாமல், ஒரே போல்ட்டின் இறுக்கத்தில் நிற்கிறது. அது நழுவினால் டைமிங் போகும். தொழிற்சாலை அமைப்பில் இது அரிது, ட்யூன் செய்த வண்டியில் அப்படிச் சொல்ல முடியாது.

இந்த வரிசையில் நம் பரிந்துரை எம்340ஐ. நான்கு கதவு செடான்தான், இரண்டு சீட்டு அழகு இதில் இல்லை. 2021 முதல் செங்கல்பட்டுக்கு அருகே உள்ள ஆலையில் கோக்கப்பட்டது, 100 கி.மீ. வேகத்தை 4.4 விநாடியில் தொடும். பி58 எனப்படும் இதன் எஞ்சின்தான் டொயோட்டா சுப்ராவிலும் இருக்கிறது. ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் கசிவது, கூலன்ட் டாங்க்கில் அளவு மெல்லக் குறைவது, வால்வு கவரின் பிளாஸ்டிக் விரிவது ஆகியவையே இதன் வழக்கமான தொல்லைகள். மூன்றுக்கும் எஞ்சினை இறக்க வேண்டாம். ஆயில் 6.5 லிட்டர். கம்பெனி சொல்லும் நீண்ட இடைவெளியை மறந்துவிட்டு, 8,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அதில் மாற்றுங்கள். மேலே சொன்ன எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

பெட்ரோலும் கொடைக்கானல் ரோடும்

இப்போது பங்க்கில் வரும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் அளவு, 95. 12.5:1 அல்லது அதற்குச் சற்று மேலான அழுத்தத்தில் ஓடும் 991-க்கும் ஆர்8-க்கும் அது வெறும் வாசற்படி, 98 அல்லது அதற்கு மேல் போடுவதே முறை. 100 ஆக்டேன் எங்கே கிடைக்கிறது என்று முன்னாலேயே விசாரித்து வையுங்கள். எத்தனால் எவ்வளவு வரை தாங்கும் என்பது பெட்ரோல் மூடியின் உட்புற ஸ்டிக்கரில் இருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியின் டாங்க்கைப் பாதியில் விடாமல் நிரப்பி வைக்க வேண்டும்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் நீண்ட நேரம் ஊர்வதுதான் கூலிங்குக்கு உண்மையான பரீட்சை. நான்குவழிச் சாலையில் வேகமாகப் போவது அதில் பாதி சிரமம்கூட இல்லை. வாங்குமுன் ஓட்டிப் பார்க்க ஒரு மலைப்பாதை வேண்டுமென்றால் 18 கொண்டை ஊசி வளைவுகளுள்ள சிறுமலை போதும். மதியம் இரண்டு மணிக்கு, ஏ.சி.யை முழுதாக வைத்து ஏறுங்கள். மேலே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். கூலன்ட் சூடு ஏறி, ஃபேன் ஓடி, இறங்கி, ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் அந்தக் கூலிங்கில் குறை இருக்கிறது.

எது யாருக்கு

வாரம் நான்கு நாள் ஊருக்குள்ளும் ஓட்டுவேன் என்பவருக்கு மஸ்டாங், அல்லது எம்340ஐ. ஞாயிறு காலை மட்டும் எடுப்பேன், வருடத்துக்கு ஒருமுறை 270 கி.மீ. ஓட்டிக் கொச்சிக்கோ 460 கி.மீ. ஓட்டிச் சென்னைக்கோ கொண்டுபோய் சர்வீஸ் செய்வேன் என்பவருக்கு 991 கரேரா. மனதுக்குப் பிடித்தது ஆர்8 என்றால் இரண்டாம் தலைமுறை வி10, எஞ்சினை இறக்கும் அளவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு. ஜிடி-ஆரை, ட்யூன் தொடாத வண்டி என்று கணினிப் பதிவு காட்டினால் மட்டும். எஃப்-டைப்பும் பழைய எம்3-யும் பில்லைப் பார்த்து. 2008 வரையிலான கரேராவை, கேமராவில் பார்த்த பிறகு.

எதை வாங்கினாலும் பணம் கொடுக்குமுன் குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். விற்பவர் முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். கூலன்ட் பிரஷர் டெஸ்ட், சிலிண்டரில் காற்றை அடைத்துக் கசிவை அளக்கும் லீக்-டவுன் டெஸ்ட், கணினி ஸ்கேன் மூன்றையும், வண்டியை விற்பவரோடு தொடர்பில்லாத ஒர்க்‌ஷாப்பில் செய்யச் சொல்லுங்கள். மேனுவல் கியர் 911 என்றால் ஓவர்-ரெவ் பதிவையும் (எஞ்சின் எல்லை மீறிச் சுற்றியதைக் கணினி வேக எல்லைகளாகப் பிரித்துக் குறித்து வைப்பது) எடுக்க வேண்டும். கடைசி இரண்டு எல்லைகளில், அதுவும் எஞ்சின் அண்மையில் ஓடிய மணிநேரங்களில் எண்ணிக்கை விழுந்திருந்தால் யாரோ தவறான கியரைப் போட்டு எஞ்சினை எல்லைக்கு மேல் சுற்றவிட்டிருக்கிறார்கள்.

வாங்கியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, 1,000 கி.மீ. ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். இரண்டாவது ஃபில்டரை எறிந்துவிடாமல், காகித மடிப்புகளை வெட்டி வெள்ளைத் துணியில் விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் செயினிலிருந்தோ உருளைப் பேரிங்கிலிருந்தோ வருவது. ஒட்டாமல் வெள்ளியாக மின்னுவது பிஸ்டன் அல்லது சிலிண்டர் சுவரின் அலுமினியம். செம்பு நிறம் தெரிந்தால் ராட் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து அடித்தகடு தெரிய ஆரம்பித்துவிட்டது, அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும். கறுப்பாகவோ பழுப்பாகவோ கெட்டியான பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால், டைமிங் செயினுக்கான கைடு உடைய ஆரம்பித்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டிப் போகாமல், ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.